உப்பளக் கரையும் ஊராரின் பொறுப்பும்

கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே சென்னையிலிருந்து புதுச்சேரி நோக்கிச் செல்வோர், ஆற்காட்டு நவாபுகள் காலத்து ஆலம்பரைக் கோட்டையின் சிதைவுகள் கிடக்கும் கழிமுகப் பகுதியைக் கடந்ததும், நீர் தேங்கிய பாத்திகளும் அவற்றின் கரைகளில் வெண்குவியல்களுமாக விரிந்த ஒரு வெளியைக் காண்பர். அதுவே மரக்காணம். கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'பெரிப்ளூஸ்' என்னும் கடற்பயண நூல் குறிப்பிடும் சோபட்மா துறைமுகமும், சங்க இலக்கியமாகிய சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினமும் இவ்வூரே என ஆய்வாளர் சிலர் கருதுவர். வடக்கே ஆந்திரக் கரையிலிருந்து வரும் பக்கிங்காம் கால்வாய் வந்து முடிவதும் இப்பகுதியில்தான். இங்கே 3,000 ஏக்கருக்கும் மேற்பட்ட பரப்பில் உப்பு விளைகிறது. இதன் மேற்கிலும் தெற்கிலும் கழுவெளி என்னும் பெரும் உவர்நீர் ஏரி பரந்து கிடக்கிறது. தமிழகத்தில் பழவேற்காட்டுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி இதுவேயாம்.

2024 நவம்பர் 30ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. கடந்தபின் விரைந்து உள்நாடு செல்லாமல் பல மணிநேரம் ஓரிடத்திலேயே நின்று பொழிந்தது. மறுநாள் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் 51 செ.மீ., புதுச்சேரியில் ஏறத்தாழ 49 செ.மீ. மழை பதிவாயிற்று. பாத்தி எது, வரப்பு எது, கழி எது என்று பிரித்தறிய முடியாதபடி மரக்காணத்து உப்பளங்கள் ஒரே நீர்ப்பரப்பாயின.

சில வாரங்கள் கழித்து நம் மாணவர்கள் சிலருடன் நிவாரணப் பொருள்களை எடுத்துக்கொண்டு அப்பகுதிக்குச் சென்றிருந்தோம். அரிசிப் பையைப் பெற்றுக்கொண்ட முதிய உப்பளத் தொழிலாளியான ஓர் அம்மையார், "பாய், புயலு வந்தா அரிசி குடுக்கறாங்க, அது சரி. தண்ணி போற வழிய யாரு பாத்துக் குடுக்கறது?" என்று கேட்டார். அவர் குறை சொல்லும் தொனியில் கேட்கவில்லை. விடை தெரிந்துகொள்ளவே கேட்டார். நம்மிடம் விடை இல்லை. அந்தக் கேள்விக்கு ஓர் ஊரின் உள்ளாட்சி என்ன விடை கூற இயலும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

உப்பளத்தில் நிகழ்வது என்ன?

உப்பு விளைவதன் முறையை அறிந்தால்தான் காலநிலை மாற்றம் அங்கே என்ன செய்கிறது என்பது விளங்கும். கழியிலிருந்தோ கிணற்றிலிருந்தோ எடுக்கும் உவர்நீரை முதலில் தேக்கத்தில் நிறுத்துவர். பின்னர் அதை அடுத்தடுத்த பாத்திகளுக்கு மாற்றி வெயிலில் சுண்ட வைப்பர். இவ்வடர்த்தியை அளக்கும் போமே மானியில் கடல்நீர் ஏறத்தாழ 3 பாகை காட்டும். அது 25 பாகையை எட்டும்போதுதான் நாம் உண்ணும் உப்பு படிகமாகத் தொடங்குகிறது. இந்த 3க்கும் 25க்கும் இடையில் வெயில், காற்று, மனித உழைப்பு ஆகிய மூன்றைத் தவிர வேறு முதலீடு பெரிதாக இல்லை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் பாத்திகளைச் சீர்செய்து மிதித்து இறுக்கி, கோடை முழுவதும் உப்பு வாரி, மீண்டும் மழை தொடங்குமுன் முடித்துவிடுவது தலைமுறை தலைமுறையாக வந்த ஒழுங்கு.

இந்த ஒழுங்கை மூன்று வழிகளில் காலநிலை மாற்றம் குலைக்கிறது. முதலாவது, காலந்தவறிய மழை. ஏப்ரலிலோ மேயிலோ ஒரு நாள் பெய்யும் மழை, 20 பாகைக்கு ஏறிய நீரைக் கீழே இறக்கிவிடுகிறது. பல நாள் வெயிலின் பலன் ஓர் இரவில் கரைகிறது. இரண்டாவது, பெருமழை. காற்றின் வெப்பம் ஒரு பாகை செல்சியஸ் கூடினால் அது ஏறக்குறைய 7 விழுக்காடு மிகுதியாக ஈரத்தைத் தாங்கும் என்பது இயற்பியல் விதி. உலகளாவிய சராசரி வெப்பம், தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையைவிட 1.5 பாகைக்கு மேல் உயர்ந்த முதல் நாட்காட்டி ஆண்டு 2024 என்று உலக வானிலை அமைப்பு அறிவித்தது. அதே ஆண்டில்தான் மயிலத்தில் 51 செ.மீ. கொட்டியது என்பதை நாம் மறத்தலாகாது. ஒரு புயலை மட்டும் எடுத்துக்கொண்டு அதற்கு இதுவே காரணம் என்று கூறிவிட முடியாது என்பது உண்மை. ஆயினும் 2011 டிசம்பரில் தானே, 2020 நவம்பரில் நிவர், 2022 டிசம்பரில் மாண்டஸ், 2024இல் ஃபெஞ்சல் என இக்கரையைத் தாக்கிய புயல்களின் வரிசை, ஆயத்தமின்றி இருப்பதற்கு எந்தச் சாக்கையும் விட்டுவைக்கவில்லை.

மூன்றாவது, வெப்பம். உப்பு விளைய வெயில் வேண்டும். ஆனால் உப்பை வாரும் உடலுக்கு அதே வெயில் பகை. மேலே கதிரவன், கீழே வெண்பரப்பிலிருந்து திரும்பும் ஒளி, காலடியில் அடர்ந்த உவர்நீர் என மும்முனைத் தாக்குதலுக்கு ஆளாகும் தொழில் இது. தமிழக உப்பளத் தொழிலாளரிடையே சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவன ஆய்வாளர்கள் நடத்திய ஆய்வு, அவர்களுள் மிகப் பெரும்பாலோர் பாதுகாப்பான அளவுக்கு மேற்பட்ட வெப்பத்தில் உழைப்பதையும், சிலரிடம் சிறுநீரகச் செயற்பாடு குறைந்திருப்பதையும் எடுத்துக்காட்டிற்று. நிழலும் குடிநீரும் கழிப்பிடமும் இல்லாத வெளியில், பெண்கள் நீர் அருந்துவதையே குறைத்துக்கொள்கின்றனர் என்பதை அங்கே செல்லும் எவரும் கேட்டறியலாம்.

சட்டம் தந்த இடம்

'காலநிலை அவசர நிலை' என்னும் தொடரை ஆட்சிமன்றத் தீர்மானமாக முதன்முதலில் ஏற்றது ஒரு பேரரசு அன்று. ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரைச் சேர்ந்த டேர்பின் என்னும் உள்ளாட்சி மன்றமே 2016 டிசம்பரில் அதைச் செய்தது. அதன்பின் உலகெங்கும் 2,000க்கும் மேற்பட்ட ஆட்சி அமைப்புகள் அவ்வாறு அறிவித்துள்ளன. அறிவிப்பது எளிது. அறிவித்த மறுநாள் என்ன செய்வது என்பதே வினா.

மரக்காணம் ஒரு பேரூராட்சி. அதனைச் சூழ்ந்திருப்பவை மரக்காணம் ஒன்றியத்தின் கிராம ஊராட்சிகள். 1992இல் நிறைவேறி 1993இல் நடைமுறைக்கு வந்த 73ஆம், 74ஆம் அரசமைப்புத் திருத்தங்கள் இவற்றுக்கு உரியனவாக முறையே 29, 18 துறைகளைப் பட்டியலிட்டன. சிறுபாசனம், குடிநீர், சமூகக் காடுகள், மரபுசாரா ஆற்றல், பொதுச்சொத்துகளைப் பேணல் ஆகியவை கிராம ஊராட்சிப் பட்டியலில் உள்ளன. சுற்றுச்சூழல் பாதுகாப்பு நகர்ப்புறப் பட்டியலில் வெளிப்படையாகவே இடம்பெற்றுள்ளது. இவை நமக்குப் புதியனவும் அல்ல. பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், ஊர்ச்சபையின் கீழ் ஏரிக்கென்றே தனியொரு வாரியம் இருந்ததைக் கூறுகின்றன. குடவோலை முறையை மேடைதோறும் போற்றும் நாம், அதில் தேர்ந்தெடுக்கப்பட்டோருள் ஒரு குழுவினர் ஏரியைக் காக்கவே அமர்த்தப்பட்டனர் என்பதை ஏனோ சொல்வதில்லை.

ஆனால் நடைமுறையில் ஒரு சிக்கல் உண்டு. உப்பு உற்பத்தி அரசமைப்பின் ஒன்றியப் பட்டியலைச் சார்ந்தது. கழுவெளியின் 5,151.60 ஹெக்டேர் 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டதால் வனத்துறையின் பொறுப்பில் உள்ளது. 2024இல் அது ராம்சர் ஈரநிலமாகவும் ஏற்கப்பட்டது. கால்வாய் ஒரு துறைக்கு, நெடுஞ்சாலை வேறொரு துறைக்கு, கடற்கரை மற்றொரு விதித்தொகுதிக்கு. மழைநீரோ இத்துறைகளின் எல்லைகளை அறியாது. ஏரியிலிருந்து கழிக்கும், கழியிலிருந்து கடலுக்கும் அது தன் போக்கில் செல்லும்; வழி அடைபட்டால் குடிசைக்குள் புகும். ஆகவே ஒவ்வொரு துறையும் தன் பங்கைச் செய்துவிட்டதாகக் கூறிய பின்னும் அம்மையாரின் கேள்வி அப்படியே நிற்கிறது.

மஃரிபின் உப்பும் ஃபிக்ஹு நூல்களும்

இவ்விடத்தில் நம் கல்விக்கூடங்களில் ஓதிக் கொடுக்கும் பாடம் ஒன்று நினைவுக்கு வருகிறது. யமன் நாட்டின் மஃரிபைச் சேர்ந்த அப்யள் இப்னு ஹம்மால் (ரழி) அவர்கள், அங்குள்ள உப்பு நிலத்தைத் தமக்கு வழங்குமாறு வேண்ட, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதை வழங்கினார்கள். அவர் சென்றபின் அவையிலிருந்த ஒருவர், தாங்கள் அவருக்கு ஈந்தது வற்றாத நீர் போன்ற ஒன்றன்றோ என்று எடுத்துரைத்தார். உடனே அக்கொடையை நபியவர்கள் திரும்பப் பெற்றார்கள். அபூதாவூத், திர்மிதீ, இப்னுமாஜா ஆகியோரின் தொகுப்புகளில் இந்நிகழ்ச்சி காணப்படுகிறது. முயற்சியின்றி அனைவருக்கும் எட்டும் ஒரு வளத்தைத் தனியொருவருக்கு உரிமையாக்க ஆட்சியாளருக்கும் அதிகாரமில்லை என்னும் சட்டத்தை அறிஞர்கள் இதிலிருந்து வகுத்தார்கள்.

இங்கே ஷாஃபிஈ மத்ஹபு அறிஞர்கள் ஒரு நுண்மையான வேறுபாட்டைக் காட்டுகின்றனர். இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் 'ரவ்ளா' போன்ற நூல்களில், தரிசு நிலத்தை உயிர்ப்பித்தல் பற்றிய பாடத்தில் இது வருகிறது. கடற்கரையை ஒட்டிய ஒரு நிலத்தைத் தோண்டி, நீரைப் பாய்ச்சினால்தான் உப்பு தோன்றும் எனில், அது மஃரிபின் உப்பைப் போன்றதன்று; அங்கே உழைப்பினாலேயே பலன் வெளிப்படுகிறது. ஆதலின் உழைத்தவன் அதற்கு உரியவனாகலாம். ஆட்சியாளரும் அதை வழங்கலாம். மரக்காணத்துப் பாத்தியைக் கண்ணால் கண்டு எழுதியதுபோல் அமைந்த சட்டம் இது!

எனவே பாத்தி ஒருவருக்கு உரியதாகலாம். ஆனால் பாத்திக்கு நீர் தரும் கடலும், மழைநீர் வடியும் ஓடையும், ஏரிக்கும் கழிக்கும் இடைப்பட்ட வழியும் எவருக்கும் உரியன ஆகா. அவற்றைச் சூழ்ந்த காப்பு வெளியை 'ஹரீம்' என்று ஃபிக்ஹு நூல்கள் பெயரிட்டு அழைக்கின்றன. நைல் நதிக்கரையில் கட்டடம் எழுப்புவோர் நதியின் வெளிக்குள் நீட்டிக் கட்டுவதைக் கண்டித்து, ஹிஜ்ரி 911இல் மறைந்த இமாம் ஸுயூத்தீ (ரஹ்) அவர்கள் தனியொரு நூலே இயற்றினார்கள். 1991இல் இந்திய அரசு வெளியிட்ட கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை, அதே கவலையின் இக்கால வடிவம் எனலாம்.

இனி, பொதுவானதைப் பேணும் கடமை யாருக்குரியது? இமாம் மாவர்தீ (ரஹ்) அவர்கள் 'அல்-அஹ்காமுஸ் ஸுல்தானிய்யா'வில், ஹிஸ்பா பற்றிய அதிகாரத்தில், ஓர் ஊரின் குடிநீர்வழி பழுதுபட்டாலோ மதில் இடிந்தாலோ என்ன செய்வது என்பதை ஆராய்கிறார்கள். பைத்துல்மாலில் பொருளிருந்தால் அதைக்கொண்டு சீர்செய்ய வேண்டும். ஊரார்மீது அது சுமையாகாது. பொருளில்லையெனில் வசதி படைத்த ஊரார் அனைவர்மீதும் அக்கடமை பொதுவாக வந்து சேரும். அரசு முதலில், ஊர் அடுத்து, எனினும் ஒருபோதும் எவருமில்லை என்ற நிலை கூடாது. இந்த வரிசைமுறையையே உள்ளாட்சியின் இலக்கணமாக நாம் கொள்கிறோம்.

பேரூராட்சியும் ஊராட்சிகளும் செய்யக்கூடியவை

முதற்பணி, நீரின் வழியை எழுதிவைப்பது. கழுவெளிக்கு நீர் தருபவை நூற்றுக்கு மேற்பட்ட ஏரிகள். ஒவ்வொன்றின் கலங்கு, வாய்க்கால், அது சேரும் ஓடை, ஓடையின் குறுக்கே வந்த சிறுபாலம், அடைபட்ட இடம் ஆகியவற்றைக் கிராமக் கணக்குப் புத்தகத்தோடு ஒப்பிட்டு ஒரு பதிவேடு ஆக்க வேண்டும். ஃபெஞ்சலின்போது நீர் எவ்விடத்தில் எவ்வளவு உயரம் நின்றது என்பதை முதியோரைக் கேட்டு, சுவரில் கோடிட்டுக் குறிக்க வேண்டும். இதற்குப் பெருநிதி வேண்டாம். பள்ளி, கல்லூரி மாணவர் போதும். வனத்துறைக்கோ நெடுஞ்சாலைத் துறைக்கோ உள்ளாட்சி ஆணையிட முடியாது. ஆனால் இப்பதிவேட்டை இணைத்துத் தீர்மானம் நிறைவேற்றி அனுப்பினால், மாவட்ட ஆட்சியரின் தலைமையில் இயங்கும் மாவட்டக் காலநிலை மாற்ற இயக்கம் அதைப் புறந்தள்ளுவது எளிதன்று. தமிழக அரசு இவ்வியக்கங்களை அமைத்ததே கீழிருந்து வரும் இத்தகைய விவரங்களைத் திரட்டிச் செயற்படுவதற்குத்தான்.

இரண்டாவது, ஏரிகளைத் தூர்வாரி நன்னீரை நிறுத்துவது. கடலோரத்தில் நன்னீரின் அழுத்தம் குறையுந்தோறும் உவர்நீர் நிலத்தடியில் உள்ளே ஏறும். ஏறிய உவர்ப்பை இறக்குவது அரிது. 15ஆவது நிதி ஆணையம் 2021–26 காலத்தில் ஊரக உள்ளாட்சிகளுக்கு வழங்கிய மானியத்தில் 60 விழுக்காட்டைக் குடிநீர், மழைநீர் சேமிப்பு, துப்புரவு ஆகியவற்றுக்கென்றே ஒதுக்கிற்று. அதாவது, ஊராட்சிகளின் கைக்கு வந்த பணத்தில் ஒரு பகுதி ஏற்கெனவே இப்பணிக்கு உரியதாக இருந்தது. திட்டம் வகுத்து வைத்திருந்த ஊர்கள் அதனால் பயனடைந்தன. மற்றவை சிறு சிறு வேலைகளாகப் பிரித்துச் செலவிட்டன.

மூன்றாவது, கரைக்காப்பு. 2004 சுனாமியில் கடலூர் மாவட்டத்தில் அலையாத்திக் காடுகளுக்கும் மரத்தோப்புகளுக்கும் பின்னிருந்த ஊர்கள் குறைந்த சேதமே அடைந்தன என்பதை 2005இல் 'சயின்ஸ்' இதழில் வெளிவந்த ஆய்வு காட்டியது. பிச்சாவரத்தில் மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி, அலைநீர் ஏறி இறங்கச் செய்து, அழிந்த காட்டை மீட்டனர். நாற்று நடுவதைவிட நீரோட்டத்தைச் சீர்செய்வதே அதன் மறைபொருள். கழியோரத்தில் வனத்துறையோடு இணைந்தும், ஏரிக்கரைகளில் பனை விதைத்தும் உள்ளாட்சிகள் இதைத் தொடரலாம்.

நான்காவது, உழைப்போரின் உடல். வெப்ப அலையைத் தமிழக அரசு 2024இல் மாநிலப் பேரிடராக அறிவித்துள்ளது. எனவே உப்பளத்தருகே நிழற்கூரை, குடிநீர்த் தொட்டி, பெண்களுக்கான கழிப்பிடம், கோடையில் உப்புச்சர்க்கரைக் கரைசல், ஆரம்பச் சுகாதார நிலையத்தின் வாயிலாக ஆண்டுக்கொரு சிறுநீரகப் பரிசோதனை ஆகியவை தருமம் அல்ல, பேரிடர் ஆயத்தம். எல்லாப் பணிகளிலும் செலவு மிகக் குறைந்ததும், பலன் உடனே தெரிவதும் இதுவேயாகும்.

ஐந்தாவதாகவே ஆற்றலைக் குறிப்பிடுகிறோம். உப்பளத் தொழிலாளி வெளியிடும் கரியமில வாயு உலகக் கணக்கில் ஒரு துளியும் ஆகாது; அவர்மீது சிக்கனத்தைச் சுமத்துவது நீதியன்று. எனினும் தெருவிளக்குக்கும் நீரேற்றும் மோட்டாருக்கும் ஊராட்சிகள் செலுத்தும் மின்கட்டணம் சிறிதன்று. மேட்டுப்பாளையத்துக்கு அருகிலுள்ள ஓடந்துறை ஊராட்சி 2006இல் 1.55 கோடி ரூபாய் செலவில், பெரும்பகுதியை வங்கிக் கடனாகப் பெற்று, 350 கிலோவாட் காற்றாலையை நிறுவியது. தன் தேவைக்குப் போக எஞ்சியதை மின்வாரியத்துக்கு விற்றது. கேரளத்தின் வயநாட்டு மீனங்காடி ஊராட்சி, 2016இல் கார்பன் சமநிலையை இலக்காக ஏற்று, மரங்களை ஈடாகக் கொண்டு மரத்துக்கு ஆண்டுக்கு 50 ரூபாய் வட்டியில்லாக் கடனாக உழவர்க்கு வழங்கும் திட்டத்தை மேற்கொண்டது. வட்டியில்லாக் கடன் என்னும் சொல்லைக் கேட்டதும் நம் வாசகர்களின் செவி கூர்மையடையும் என்பதை அறிவோம். நம் மஹல்லா நிதிகள் சிந்திக்க வேண்டிய முன்மாதிரி அது.

தடைகளும் நம் பங்கும்

இவையெல்லாம் ஏட்டளவில் எளியவை. உள்ளாட்சித் தலைவர் ஒருவர் ஓடையின் ஆக்கிரமிப்பை அகற்ற முனைந்தால், அடுத்த தேர்தலில் அவ்வாக்குகளை இழப்பார். வெள்ளம் வராத ஆண்டில் வடிகாலுக்குச் செலவிட்ட பணம் எவர் கண்ணுக்கும் தெரியாது. திருமண மண்டபமும் வளைவும் தெரியும். பழியைத் தலைவர்மீது மட்டும் சுமத்துவது நேர்மையன்று. கடலோர மஹல்லா ஒன்றில் சில ஆண்டுகளுக்கு முன் கட்டடம் எழுப்பியபோது, அதன் சுற்றுச்சுவர் மழைநீர் வடியும் வாய்க்காலின் ஓரத்தைத் தொட்டது. கட்டடக் குழுவில் நாமும் இருந்தோம். ஹரீம் பற்றிய பாடத்தை அதே ஆண்டில் மாணவர்க்கு ஓதிக்கொடுத்த நாம், அச்சுவரைப் பற்றி வாய் திறக்கவில்லை. அடுத்த மழையில் பின்தெருவில் முழங்காலளவு நீர் நின்றது. பின்னர் சுவரைச் சிறிது உள்ளே தள்ளிக் கட்டினோம், செலவு இருமடங்காயிற்று.

ஆகவே மக்கள் கேட்காமல் மன்றம் செய்யாது என்பதே நாம் கண்ட பாடம். கிராம சபை இப்போது ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. அவற்றுள் மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள். நவம்பர் 1 உள்ளாட்சி நாள். தண்ணீர் நாளில் நீர்வழிப் பதிவேட்டைப் படிக்கச் சொல்லியும், மழைக்காலத்தில் வரும் உள்ளாட்சி நாளில் அவ்வழிகள் திறந்துள்ளனவா என்று கேட்டும் ஊரார் எழுந்து நின்றால், அதற்குமேல் ஒரு புரட்சி தேவையில்லை. பள்ளிவாசல் நிர்வாகிகளும் கோயில் அறங்காவலர்களும் மீனவப் பஞ்சாயத்தாரும் ஒரே வரிசையில் அமர்ந்து அதைக் கேட்பார்களாயின், விடை சொல்லாமல் எழுந்து செல்லும் துணிவு எந்த மன்றத்துக்கும் வாராது. வெள்ளம் இவர்களுள் எவரையும் பிரித்துப் பார்த்ததில்லையே!

அரிசிப் பை கொண்டு செல்வதை நாம் நிறுத்தப்போவதில்லை. பசித்தவனுக்கு உணவளிப்பது முதற்கடமை. ஆனால் அடுத்த முறை அந்த அம்மையாரைக் காணும்போது, அவர் தெருவிலிருந்து கழிவரை நீர் செல்லும் வழி எழுதப்பட்ட ஒரு தாளையும், அதன்மீது மன்றம் எடுத்த தீர்மானத்தின் எண்ணையும் உடன் கொண்டுசெல்ல வேண்டும் என்று நாம் எண்ணியிருக்கிறோம். அல்லாஹ் அதற்கு நல்லுதவி புரிவானாக.